பிள்ளைகளுக்குத் தூண்டில் வாங்கும்போது…

சிவகங்கை மாவட்டத்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு ஏக்கர் நிலம். அதில் நூறடிக்கு நூறடி அளவில், பாலித்தீன் தாள் விரித்த பண்ணைக்குட்டை. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் விட்டு எட்டு மாதம் ஆகிறது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனும், அவனுக்கு இரண்டு வயது மூத்த மகளும் ரீல் வைத்த தூண்டில் வேண்டும் என்று ஆடியிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். ஒதுக்க முடிந்த பணம் 1,500 ரூபாய். டவுன் கடையில் 4,000 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டி, இதற்குக் கீழே வாங்கினால் ஒரு மாதம்கூட வராது என்று சொல்லியிருக்கிறார்கள்.

கடிதத்தின் கடைசி வரிகள்தான் முக்கியமானவை. போன கோடையில் பக்கத்து ஊர்க் குட்டையில் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்து இறந்துபோனது. அதிலிருந்து அவருக்கு வாங்கித் தரவே பயமாக இருக்கிறது. வாங்கித் தராவிட்டால் மகன் சொல்லாமல் கொள்ளாமல் கண்மாய்க்குப் போய்விடுகிறான். வீட்டுக்காரர் வெளியூர் வேலையில் இருக்கிறார். எதை வாங்குவது என்பதோடு, வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

வாங்கலாம். ஆனால் முதலில் கயிறு, பிறகு தூண்டில். தெரியாமல் கண்மாய்க்குப் போகிற பிள்ளையைக் காப்பாற்ற யாராலும் முடியாது. வீட்டுக் கண் பார்வையில், கட்டுப்பாட்டோடு மீன் பிடிக்கிற பிள்ளையைக் காப்பாற்ற வழி உண்டு. 1,500 ரூபாயில் இரண்டும் அடங்கும். 4,000 ரூபாய் தேவையில்லை.

எந்தத் தண்ணீருக்கு, எந்த மீனுக்கு?

எல்லா மீனுக்கும் எல்லாத் தண்ணீருக்கும் ஒரே கம்பு என்று கடைகளில் சொல்வார்கள். அப்படி ஒன்று கிடையாது. ஆனால் பண்ணைக்குட்டை, ஊருணி, கண்மாய்க் கரை, வாய்க்கால் ஆகிய நான்கிலும் ஓரளவுக்கு ஒப்பேறுகிற கம்பு உண்டு. பிள்ளைகளுக்குத் தேவையானது அதுதான்.

இந்தத் தண்ணீர்களில் மாட்டுகிற மீன்களைப் பார்த்தால் கணக்கு எளிது. ஜிலேபி பெரும்பாலும் கால் கிலோவுக்குள் இருக்கும். ரோகு, மிர்கால், கட்லா ஓராண்டில் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரும். தீவனம் நன்றாகக் கொடுத்திருந்தால் கட்லா அதையும் தாண்டும். கெளுத்தி சின்னது. விரால் ஒன்றரைக் கிலோ வரைக்கும் வரலாம், இழுவையும் அதிகம். ஆக, ஒரு கிலோ மீனைத் தடுமாறாமல் இழுக்கவும், இரண்டு கிலோ மீன் மாட்டினால் முறியாமல் தாங்கவும் கூடிய கம்பு இருந்தால் போதும்.

குட்டையின் அகலம் நூறடி. ஒரு கரையிலிருந்து நடுவுக்கு ஐம்பதடிதான். மீன்கள் தீவனம் போடும் கரையோரத்துக்கே வந்து பழகியிருக்கும். கடலில் வீசுவதுபோல் தூரம் வீசுகிற கம்புக்கு இங்கே வேலையில்லை. கடைக்காரர் 4,000 ரூபாய்க்குச் சொன்னதில் பெரும்பகுதி, தூரமாக வீசுவதற்கும் பாரம் குறைவாக இருப்பதற்கும் ஆகிற விலை.

கம்பு: மூங்கிலா, கண்ணாடி இழையா, கார்பனா?

மூங்கில் கம்பை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு அடி நீளமுள்ள கல்மூங்கில் கம்பு, அதே நீளத்துக்கு நரம்பு, ஒரு தக்கை, ஒரு முள். ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் இதைவிட நம்பகமானது இல்லை. சொந்த வேலியில் மூங்கில் இருந்தால் செலவும் இல்லை. மூன்று வயது முற்றிய கழியை வெட்டி, சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் நிறுத்திக் காயவைத்தால் உளுக்காது. மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் வண்டு வருகிறது. ஊறும்போது அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். பச்சையாக வெட்டி வெயிலில் போட்ட கழி வெடிக்கும், வளையும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதல் தூண்டில் இதுவாக இருப்பதே நல்லது. ரீல் சிக்கல் இல்லை, பின்னால் நிற்பவர் மேல் முள் பறக்கும் ஆபத்தும் குறைவு.

பதினான்கு, பதினாறு வயதுப் பிள்ளைகள் ரீல் கேட்பது நியாயம்தான். அதற்குக் கண்ணாடி இழைக் கம்பே ஏற்றது. கார்பன் கம்பைவிடக் கொஞ்சம் கனம், ஆனால் அடி தாங்கும். சைக்கிளில் கட்டிக்கொண்டு போகும்போது இடித்தாலும், வண்டிக் கட்டையில் பட்டாலும் உடனே உடையாது. கார்பன் கம்பு லேசானது, மீன் தொடுவதும் கையில் நன்றாகத் தெரியும். ஆனால் ஓரத்தில் ஒரு கல் பட்டுக் கீறல் விழுந்தால், அடுத்த மீனுக்கு அங்கேயே முறியும். இன்னொரு காரணமும் இருக்கிறது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வயல்வெளியில் தொய்ந்து தொங்கும் மின்கம்பிகளுக்குக் கீழே பிள்ளைகள் கம்பைத் தோளில் நிமிர்த்திக்கொண்டு நடப்பார்கள். ஈரமான கம்பும் ஈரமான நரம்பும் எந்த வகையாக இருந்தாலும் ஆபத்துதான். கார்பனில் அந்த ஆபத்து மிக அதிகம்.

கண்ணாடி இழையும் கார்பனும் கலந்த கம்புகளும் வருகின்றன. விலை கைக்கு அடங்கினால் அவையும் சரியே. மின்கம்பி எச்சரிக்கை மட்டும் அவற்றுக்கும் பொருந்தும்.

நீளமும் விறைப்பும்

ஆறரை அடி நீளம் போதும். கம்பின் அடியில் 198 செ.மீ. என்று எழுதியிருக்கும். குள்ளமான பிள்ளைக்கு ஆறடி, நல்ல உயரமான பிள்ளைக்கு ஏழடி. அக்காவும் தம்பியும் மாறி மாறிப் பிடிப்பதென்றால் ஆறரைதான் பொருத்தம். இதைவிடக் குட்டையாக வாங்கக் கூடாது. காரணம் கீழே வரும்.

கம்பின் விறைப்பைக் குறிக்க எல், எம்.எல், எம், எம்.ஹெச், ஹெச் என்ற ஆங்கில எழுத்துகளை அச்சிட்டிருப்பார்கள். எல் என்றால் மெலிந்தது, ஹெச் என்றால் விறைத்தது. நமக்கு வேண்டியது நடுவில் உள்ள எம் அல்லது எம்.எல். விறைத்த கம்பில் சின்ன மீன் தொட்டதே தெரியாது. மெலிந்த கம்பில் பெரிய மீனைத் திருப்ப முடியாது.

அதற்குப் பக்கத்திலேயே எந்த வலிமையுள்ள நரம்பு போடலாம் என்றும் இருக்கும். 8–14 பவுண்டு, 6–12 பவுண்டு என்பதுபோல் எழுதியிருக்கும். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இந்த இரண்டில் எதுவும் சரி. எதுவுமே அச்சிடாத கம்பை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், கடையிலேயே விட்டுவிடலாம்.

ரீல்

கம்புக்கு அடியில் தொங்குகிற ஸ்பின்னிங் ரீல்தான் புதிதாகப் பழகுவோருக்கு ஏற்றது. கம்புக்கு மேலே உட்காருகிற உருளை வகை வேண்டாம். அதில் கட்டை விரலால் அளவாக அழுத்தத் தெரியாவிட்டால் நரம்பு குருவிக்கூடுபோல் சிக்கிக்கொள்ளும். அதைப் பிரிப்பதிலேயே சாயங்காலம் போய்விடும்.

ரீலின் அளவை எண்ணால் குறிப்பார்கள். 2500 அல்லது 3000 என்ற எண் ஆறரை அடிக் கம்புக்குப் பொருந்தும். உள்ளே எத்தனை பேரிங் என்பதைப் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்து மட்டமான பேரிங்கைவிட மூன்று நல்ல பேரிங் மேல். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தால் கரகரப்பு இல்லாமல், ஆட்டம் இல்லாமல் ஓட வேண்டும். கம்பி வளைவைத் திறந்து மூடினால் டக்கென்று விழ வேண்டும். கைப்பிடியை இடப்பக்கமும் வலப்பக்கமும் மாற்றிப் போட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இடக்கைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு இது அவசியம்.

ரீலின் முன்பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். டிராக் என்பார்கள். மீன் பலமாக இழுத்தால், நரம்பு அறுந்துபோகாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வைப்பது இதுதான். இதை முழுக்க இறுக்கி வைத்துவிட்டு, நரம்பு மட்டம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. நரம்பின் வலிமையில் கால் பங்கு இழுவைக்கே அது நழுவ வேண்டும். வீட்டில் தொங்கு தராசு இருந்தால் நரம்பு நுனியை அதில் மாட்டி இழுத்துப் பார்க்கலாம். 10 பவுண்டு நரம்பு என்றால் ஏறக்குறைய நாலரைக் கிலோ தாங்கும். தராசில் ஒரு கிலோவைத் தாண்டியதும் ரீல் சுழன்று நரம்பு வெளியேறும்படி திருகை வைத்தால் சரி.

கடையில் பார்க்க வேண்டியவை

கம்பை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் நீளவாக்கில் பார்க்க வேண்டும். வளையங்கள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் கொஞ்சம் பஞ்சைத் தேய்த்துப் பார்க்கலாம். பஞ்சு இழை மாட்டிக்கொண்டால் அங்கே வெடிப்போ பிசிறோ இருக்கிறது. அந்த வளையம் நரம்பை நாள்தோறும் அரம்போல் அறுக்கும்.

இரண்டு துண்டாகப் பிரிகிற கம்பு நல்லது. இணைப்பு இறுக்கமாகச் சேர வேண்டும்; லேசாக ஆட்டினால் டக் டக் என்று சத்தம் வரக் கூடாது. ரீல் மாட்டும் இடத்தில் திருகு பிடிக்க வேண்டும். கடைசியாக, வாங்கப்போகிற பிள்ளையின் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். ரீல் மாட்டிய இடத்தைப் பிடித்தால், கம்பின் அடிப்பகுதி முழங்கை வரை வந்து அண்ட வேண்டும். பிள்ளை இல்லாமல் போய் வாங்குவது, காலை விட்டுவிட்டுச் செருப்பு வாங்கப் போவதைப் போன்றது.

நூறு சாமான் அடங்கிய பெட்டி, மினுமினுக்கும் செயற்கை மீன் பொம்மைகள் எல்லாம் சேர்த்துத் தருகிற கூட்டு விலையில் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். அந்தப் பணத்தில் கம்பின் தரத்தைத்தான் குறைத்திருப்பார்கள்.

1,500 ரூபாயைப் பிரிப்பது எப்படி?

விலை கடைக்குக் கடை மாறும். ஆனாலும் கம்புக்கும் ரீலுக்கும் சேர்த்து 1,000 முதல் 1,100 ரூபாய் என்று எல்லை வைத்துக்கொள்ளலாம். 0.28 அல்லது 0.30 மி.மீ. கனமுள்ள நைலான் நரம்பு நூறு மீட்டர் போதும். ஜிலேபிக்கு 8, 10 எண் முள்ளும், ரோகு, மிர்காலுக்கு 4, 6 எண் முள்ளும் கொஞ்சம். எண் ஏற ஏற முள் சின்னதாகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். தக்கைக்கு இரண்டு மூன்று. இவை எல்லாம் 150 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஈயக்குண்டு வாங்க வேண்டியதில்லை. பிள்ளைகள் அதைப் பல்லால் கடித்துத்தான் நரம்பில் இறுக்குவார்கள். ஈயம் விஷம், கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேரும். பழைய இரும்பு நட்டு ஒன்றைக் கட்டினாலே வேலை நடக்கும்.

மிச்சமிருக்கிற 250 ரூபாய் கயிற்றுக்கு. இதைக் குறைத்துவிட்டுக் கம்பில் போடக் கூடாது.

முதலில் கயிறு

மண் குட்டையில் தவறி விழுந்தால் பிடித்து ஏற ஒரு வேர், ஒரு புல், ஒரு படிவாவது இருக்கும். பாலித்தீன் விரித்த குட்டையில் எதுவும் இல்லை. பாசி படிந்த தாளில் நீச்சல் தெரிந்த பெரியவரே ஏற முடியாமல் திரும்பத் திரும்ப வழுக்கி, கைகால் ஓய்ந்துபோவார். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். ஆழம் இரண்டு மீட்டர் என்றால் ஆறரை அடி. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது தலைக்கு மேல் தண்ணீர்.

நான்கு பக்கக் கரையிலும் கல் அல்லது இரும்புக் கம்பத்தை வெளிப்புறமாக ஆழ ஊன்றி, அதிலிருந்து கனமான நைலான் கயிற்றைத் தண்ணீருக்குள் தரைவரை தொங்கவிட வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒரு முடிச்சு போட வேண்டும். முடிச்சு இல்லாத கயிறு ஈரக் கையில் நழுவும். இரண்டு மூலைகளில் காற்றடைத்த பழைய டயர் டியூபைக் கயிற்றோடு கட்டி வைக்கலாம். இருபது லிட்டர் தண்ணீர் கேனை மூடிபோட்டுக் கட்டினாலும் மிதக்கும். பக்கத்திலேயே ஒரு நீள மூங்கில் கழி கிடக்க வேண்டும். குட்டையைச் சுற்றி வேலி இருந்தால் அதுவே முதல் பாதுகாப்பு.

அடுத்தது, நிற்கும் இடம். தாளின் மேல் கால் வைக்கவே கூடாது. கரை விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளிக் கல் அடுக்கியோ சுண்ணாம்பு போட்டோ ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டினால் ஒரு மாதம் தூண்டில் கிடையாது என்று சொல்லிவிட வேண்டும். கம்பு ஆறரை அடி இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். குட்டைக் கம்பு, பிள்ளையை விளிம்புக்கு இழுக்கும்.

வீசும்போது பிள்ளை கவனமாகத்தான் இருக்கும். மீன் மாட்டி, கரைக்கு வந்து, துள்ளும்போதுதான் எல்லாம் மறந்து குனியும். அதற்கு ஒரு கைவலை வேண்டும். கனமான கம்பியை வளையமாக வளைத்து, பழைய வலைத் துண்டைப் பின்னி, ஆறேழு அடி மூங்கிலில் கட்டினால் ஆயிற்று. ஒருவர் தூண்டிலைப் பிடிக்க, இன்னொருவர் கோட்டுக்குப் பின்னால் நின்றே வலையால் ஏந்த வேண்டும். அக்கா, தம்பி இருவருக்கும் ஒரே தூண்டில் வாங்குவதில் இந்த நன்மையும் இருக்கிறது. தனியாகப் போகக் கூடாது என்பது தானாகவே நடக்கும். பெரியவர் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்த விதி.

யாராவது விழுந்துவிட்டால் பிள்ளைகள் குதிக்கக் கூடாது. சத்தம் போட வேண்டும். டியூபை வீச வேண்டும். குப்புறப் படுத்துக்கொண்டு கழியை நீட்ட வேண்டும். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்குவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நேரத்தை வீணாக்கும். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அமுக்கிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். தூண்டில் வீட்டுக்கு வந்த அன்றே இதை ஒருமுறை செய்து காட்டிப் பழக்கிவிடுவது நல்லது.

முள்ளும் தாளும்

பாலித்தீன் குட்டைக்கு முள்ளால் வேறொரு ஆபத்தும் உண்டு. தரையில் இழுபடுகிற முள் தாளைக் கிழிக்கும். சின்னக் கிழிசல்கூட கோடையில் தண்ணீரைக் கசியவிடும். அதனால் தக்கை இல்லாமல் அங்கே வீசக் கூடாது. தண்ணீர் ஐந்தடி என்றால் தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே மூன்றடி நரம்பு இருக்கட்டும். முள் தரையைத் தொடாமல் தொங்கும். சரிவுப் பக்கமாக வீசாமல் நடுவைப் பார்த்து வீச வேண்டும்.

முள் நுனியில் உள்ள எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுவது இன்னும் நல்லது. நரம்பைத் தொய்யவிடாமல் இழுத்தால் மீன் தப்பாது. சின்ன மீனைக் காயமில்லாமல் திரும்ப விடலாம். விரலில் குத்தினாலும் எளிதாக வெளியே வரும். எதிர்க்கொக்கியோடு சதைக்குள் இறங்கிய முள்ளைப் பிடுங்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் எடுத்துக்கொண்டு, தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும். வீசுமுன் பின்னால் திரும்பிப் பார்ப்பதைப் பழக்கமாக்கினால் கண் காயங்கள் வராது.

குட்டைக்கும் லாபம்

கெண்டைக் குட்டையில் அழைக்காமல் வந்து சேர்வது ஜிலேபி. 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன், தேங்கிய தண்ணீரிலேயே ஆண்டில் பலமுறை குஞ்சு பொரிக்கும். கட்லா, ரோகு குட்டையில் பெருகுவதில்லை; அவற்றின் இனப்பெருக்கத்துக்கு மழைக்கால ஆற்று ஓட்டம் வேண்டும். அதனால் ஜிலேபி பெருகப் பெருக, நாம் போடுகிற தவிடும் பிண்ணாக்கும் அதற்கே போய்விடும். மண்புழுவைக் கோர்த்துச் சின்ன முள்ளைப் போட்டால் முதலில் வருவது ஜிலேபிதான். வாரம் இரண்டு நாள் பிள்ளைகள் அதைக் களைந்தால் குழம்புக்கும் ஆயிற்று, கெண்டைக்கும் தீவனம் மிஞ்சும்.

ரோகு, மிர்காலுக்குத் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்த உருண்டை நல்ல இரை. மாதம் ஒருமுறை பத்துக் கெண்டையாவது பிடித்து, எடை போட்டு, நோட்டில் எழுதிவிட்டுத் திரும்ப விடும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். வலை வீசி எடுக்கும் அளவுக்குத் துல்லியம் இருக்காது; பசித்த மீன்தான் முந்தி வரும். ஆனாலும் மீன் ஏறுகிறதா, நின்றுவிட்டதா என்பது தெரியும். கெண்டை வளர்ந்த பிறகு மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு தீவனம் என்று கணக்கிட அந்த நோட்டு உதவும்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அன்றைக்குத் தூண்டில் வேண்டாம். தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை மேலிருந்து கொட்டவிட வேண்டும்; அன்று தீவனத்தையும் நிறுத்த வேண்டும். மேகமூட்டமான நாட்களுக்கு மறுநாள் காலையில் இது அதிகம் நடக்கும். பிள்ளைகள் இதைக் கவனித்து ஓடிவந்து சொன்னால், தூண்டில் விலை அன்றைக்கே திரும்பி வந்துவிடும்.

இதே பொருளில் வேறு சில கேள்விகள்

*ஒன்றுக்குள் ஒன்று செருகி மடங்கும் கம்பு வாங்கலாமா?* (விழுப்புரம் மாவட்ட வாசகர்)

பையில் அடங்கும், பேருந்தில் கொண்டுபோக வசதி. ஆனால் இணைப்புகள் அதிகம். ஓர் இணைப்பில் மணல் போனாலும் சிக்கிக்கொள்ளும், இல்லை நடுவில் மடங்கிவிடும். தோட்டத்திலேயே வைத்துப் பயன்படுத்துவோருக்கு இரண்டு துண்டுக் கம்பே நீடிக்கும்.

*கண்மாயில் தூண்டில் போட அனுமதி வேண்டுமா?* (மதுரை மாவட்ட வாசகர்)

கண்மாய் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால், குஞ்சு விட்டவருக்கே மீன் சொந்தம். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். பிள்ளைகளையே அனுப்பிக் கேட்கச் சொன்னால் பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள். அணைகளுக்கு அந்தந்த மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். வண்டல் அள்ளிய கண்மாய்களில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும். போன ஆண்டு இறங்கிய இடம் இந்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது.

*விரால் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே தூண்டில் போட்டால் தாய் உடனே மாட்டும் என்கிறார்களே?* (தஞ்சாவூர் மாவட்ட வாசகர்)

மாட்டும். செக்கச்செவேலென்று திரளும் குஞ்சுகளைக் காக்கத்தான் அது பாய்கிறது. அதைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சுகளும் மற்ற மீன்களுக்கு இரை. ஒரு வேளைக் குழம்புக்காக அடுத்த ஆண்டு விராலை இழக்கிற வேலை அது.

*கெளுத்தி முள் குத்தினால் என்ன செய்வது?* (கடலூர் மாவட்ட வாசகி)

பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் வலி தணியும். தேளி மீன் குத்தினால் வலி கடுமையாக இருக்கும். வீக்கம் ஏறினாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனை. இந்த மீன்களை வெறுங்கையால் பிடிக்காமல், ஈரத் துணியால் தலைப்பக்கம் அழுத்திப் பிடித்து முள்ளைக் கழற்ற வேண்டும்.

*அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிடுகிறார்கள். அதனால் என்ன?* (ஈரோடு மாவட்ட வாசகர்)

நைலான் நரம்பு மக்காது. மாடு புல்லோடு சேர்த்துத் தின்றால் வயிற்றில் சுருண்டு நிற்கும்; முள்ளும் சேர்ந்திருந்தால் இன்னும் மோசம். கொக்கும் நாரையும் கால் மாட்டிச் சாகும். அறுந்த நரம்பை ஒரு பாட்டிலில் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நாளைக்குத் தூண்டில் வேண்டுமானால் இன்றைக்குப் பாட்டிலைக் காட்டு என்று ஒரு விதி வைத்தால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

சுருக்கமாக

* கயிறு, டியூப், கழி, கோடு ஆகியவை தயாரான பிறகே தூண்டில் வீட்டுக்கு வரட்டும்.
* ஆறரை அடி, இரண்டு துண்டு, கண்ணாடி இழை, எம் அல்லது எம்.எல். விறைப்பு.
* 2500 அல்லது 3000 எண் ஸ்பின்னிங் ரீல், 0.28–0.30 மி.மீ. நரம்பு.
* தனியாகப் போகக் கூடாது. மின்கம்பிக்குக் கீழே கம்பை நிமிர்த்தக் கூடாது. இடி இடித்தால் கம்பைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.
* வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, பூச்சிமருந்து அறைக்கு வெளியே வைக்க வேண்டும். நரம்பை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.